நேபாளத்துக்குக் கட்டிய தண்ணீர்ப் போத்தல்

பயணப் பையை நிறுத்துப் பார்க்க வந்த சிஸ்டர், என் உடுப்புகளுக்கு நடுவிலிருந்து பெரிய போத்தல் ஒன்றை இழுத்தெடுத்து மேசையில் வைத்தார். நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளி, கழுத்து வரை நிரப்பியிருந்தேன்.

"என்ன அக்கா இது? நேபாளத்திலை தண்ணி இல்லையெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

எனக்கே வெட்கமாய்ப் போய்விட்டது. நிரப்பினது என் கைதான். ஆனால் பழக்கம் உன்னுடையதடி.

யாழ்ப்பாணம் போவதென்றாலும் நீ போத்தலோடுதான் வள்ளம் ஏறுவாய். "அங்கை பைப்பைத் திறந்தா நல்ல தண்ணி வரும். இதைக் கொண்டுபோய் ஆருக்கு விக்கப்போறாய்?" என்று கேட்பேன்.

"போற இடத்துத் தண்ணியை முதல் குடிச்சுப் பாக்கவேணும். உப்பெண்டா இது கிடக்கு."

கிடந்தால்தானே! குறிகட்டுவான் துறையில் இறங்குவதற்குள் சத்தி எடுத்து, வாய் கொப்பளித்தே அதை முடித்துவிடுவாய். பிறகு என் போத்தலுக்குக் கை நீட்டுவாய்.

அப்படிப்பட்ட நீதான், நேபாளத்து மலைக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்க் குழாய் போடப் போகிறவர்களுக்குச் சமைக்க இரண்டு பேர் வேண்டுமென்று மாதா கோயிலில் சிஸ்டர் கேட்டபோது முதலில் கையைத் தூக்கினாய். அது போதாதென்று என் கையையும் பிடித்துத் தூக்கினாய்.

"வள்ளத்திலையே கவிண்டு கிடக்கிறவள் பிளேனிலை போறாளாம்" என்றேன்.

"பிளேனுக்கு அலை அடியாதடி விசரி" என்றாய். வீட்டுக்கு நடக்கும்போதுதான் மற்றதைச் சொன்னாய். "குடம் தூக்கித் தூக்கி எங்கடை இடுப்புப் போட்டுது. அந்தப் பிள்ளையளின்ரை இடுப்பாவது மிஞ்சட்டும்."



பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போனது நினைவிருக்கிறதா? சிரிக்கக்கூடாது என்று படக்காரத் தம்பி சொன்னதும், நான் அவருக்குப் பின்னால் நின்று நீ வள்ளத்தில் சத்தி எடுப்பதைப் போல நடித்துக் காட்டினேன். நீ குலுங்கக் குலுங்க, அந்தத் தம்பி என்னை வெளியே அனுப்பிவிட்டார். கடைசியில் படத்தில் நீ பேயைக் கண்டவள் மாதிரி முழுசிக்கொண்டிருந்தாய்.

பயணம் நெருங்க, என் மகளுக்குப் பிள்ளைப்பேறு வந்தது. "நீ போட்டு வா, எனக்கு வந்து கதை சொல்லு" என்றேன். நீ கேட்கவில்லை.

"நீயில்லாமல் அங்கை நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது? அடுத்த முறை ரெண்டு பேரும் போவம்."

உன் இடத்தில் வேறு யாரோ போனார்கள். நீ இங்கே நின்று என் பேரனுக்கு வேப்பிலை அவித்துத் தண்ணீர் வார்த்தாய். அடுத்த முறை வருவதற்கு முன்பே, காய்ச்சல் என்று படுத்த நீ எழும்பவேயில்லை. உன்னைப் பிடித்துத் தள்ளியாவது அப்போதே அனுப்பியிருக்கலாம் என்று குசினிக்குள் நிற்கும்போதெல்லாம் நினைக்கிறேன். உன் பாஸ்போட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

இம்முறை என்னோடு வருவது சரவணை ஊரிலிருந்து ஒரு இளம் ரீச்சர் பிள்ளை. தங்கமான பிள்ளை, குறை சொல்ல ஏலாது. ஒத்திகைக்கு என்று கோயிலில் சமைத்தபோது வேண்டுமென்றே சோற்றைக் குழைய விட்டேன். நீயென்றால் அகப்பையைத் தூக்கியிருப்பாய். அது ஒரு வாய் போட்டுவிட்டு, "நல்லாயிருக்கு அன்ரி" என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சிஸ்டர் போனபின் போத்தலைக் கொண்டுபோய், உன் கல்லறைக்கு வைத்த குரோட்டன் செடிக்கு ஊற்றினேன். வெறும் போத்தலைத் திரும்பவும் பைக்குள் வைத்துவிட்டேன். அதற்குப் பாரமில்லை, ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது.

அந்தப் பள்ளிக்கூடக் குழாயில் முதல் வருகிற தண்ணீரை அதில் பிடித்துக் குடித்துப் பார்ப்பேன். உப்பா, இல்லையா என்று உனக்குச் சொல்லத் திரும்புவேன். பக்கத்தில் ரீச்சர் பிள்ளை நிற்கும். அதுவும் வாங்கி ஒரு மிடறு குடிக்கும்.

"நல்லாயிருக்கு அன்ரி" என்று சொல்லும்.