சட்டை மறைத்த வரி

ஜூன் 4

என் பாப்பாவுக்கு,

இதை எழுதுவது தபால்காரர் இல்லை, மருந்துக்கடைத் தம்பியும் இல்லை. நானேதான். எழுதி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. மாலை வகுப்பு டீச்சர், "தாத்தா, உங்க 'ழ'வோட வால் பக்கத்து வீட்டுக்கே போகுது" என்று சிரிக்கிறார். போகட்டும். அறுபத்தாறு வருஷம் வாயைத் திறக்காத பஸ், சுவர், சோப்பு உறை எல்லாம் ஒரே நேரத்தில் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டன. நேற்று ஒரு தீப்பெட்டியை முழுவதும் படித்தேன். அதில் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் தெரியுமா!

போனில் "நல்லா இருக்கேன்" என்கிறாய். அது உன் குரலாகவே இல்லை. மாப்பிள்ளையின் கால் எப்படி இருக்கிறது?

கீழே இருப்பது கைரேகை இல்லை, கையெழுத்து.

உன் அப்பா

ஜூன் 11

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைப் பார்த்து, "தாத்தா எழுத்து என்னோடத விட மோசம்" என்று பெரியவனுக்கு ஒரே பெருமை.

இதை நீங்கள் மட்டும்தானே படிப்பீர்கள்? இதுவரை எழுதியதெல்லாம் தபால்காரர் காதுக்கும் சேர்த்து எழுதியது. போனில் பேசினால் பக்கத்தில் மாமியார். இப்போதுதான் உங்களிடம் தனியாகப் பேச முடிகிறது.

எனக்கு ஏழு வாரம். மூன்றாவது. சாரத்திலிருந்து விழுந்தவர் இன்னும் எழுந்து நடக்கவில்லை. என் தையல் வேலை ஒன்றில்தான் வீடு ஓடுகிறது. இருவரும் பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தோம். தனியார் மருத்துவமனையில் கேட்ட தொகைக்கு எங்களுக்கு வழியில்லை. அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதும் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இதெல்லாம் இங்க இலவசம் கிடையாதும்மா" என்றார். பக்கத்து மிஷின்காரி ஏதோ மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறாள். எங்கிருந்து என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். பயமாக இருக்கிறது அப்பா.

கோபம் வந்தாலும் எழுதுங்கள்.

உங்கள் பாப்பா

ஜூன் 14

பாப்பா,

"மாத்திரை எதுவும் சாப்பிடாத, கடிதம் வருது" என்று போனில் சொன்னேன் அல்லவா? மீதி இதில்.

கோபம் இல்லை. உன் உடம்பு, உங்கள் முடிவு. நான் காவல் காக்கும் நம்மூர் அரசு மருத்துவமனை வாசலில், என் நாற்காலியில் உட்கார்ந்து உன் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். யாரிடமும் காட்டவில்லை. பிறகு கழற்றிய சட்டையைச் சுவரில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் மாட்டத் திரும்பினேன். பதினோரு வருஷமாக மாட்டும் அதே பலகை. 'கரு' என்ற இரண்டு எழுத்து சட்டைக் கைக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. சட்டையை எடுத்தேன்.

பலகையைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் அதை மட்டும் காட்டு. எது முக்கியம் என்று எனக்குத் தெரியாது, ஒன்றையும் விடவில்லை.

"குறைந்த வருமானமுள்ள ஏழைப் பெண்களுக்குக் கருக்கலைப்பு, பரிசோதனை, மருந்து, படுக்கை அனைத்தும் இலவசம். எல்லா அரசு மருத்துவமனைகளிலும். அரசாணை எண் 212. இங்கே துப்பாதீர். பெயின்ட் ஈரம், தொடாதீர்."

தொட்டுப் பார்த்தேன், காய்ந்துவிட்டது.

எங்கோ ஓர் அறையில் யாரோ உட்கார்ந்து, உன் முகமே தெரியாமல், உனக்காக இதை யோசித்திருக்கிறார்கள் பாப்பா. நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

இது வந்ததும் போ. அவசரமாக எழுதினேன், வால்களைப் பார்க்காதே.

அப்பா

ஜூன் 23

அப்பா,

முடிந்தது. நலமாக இருக்கிறேன்.

சீட்டு அம்மா மறுபடியும் "கிடையாது" என்றார். தாளை நீட்டினேன்.

"என்னம்மா இது, குழந்தை எழுதினதா?"

"எங்கப்பா. கத்துக்கிட்டு ஏழு மாசந்தான் ஆகுது."

"பெயின்ட் ஈரம்னுகூட எழுதியிருக்காரே!" என்று சிரித்தவரின் விரல் அரசாணை எண்ணில் நின்றது. உள்ளே போய்த் தடியான ஒரு கோப்போடு வந்தார். "இருக்கும்மா. எனக்கு யாரும் சொல்லவே இல்ல" என்றார். முகம் சுருங்கிவிட்டது. படிவத்தை அவரே நிரப்பினார்.

டாக்டர் அம்மா, "வலிச்சா என் கையப் பிடிச்சுக்கோ" என்றார். பிடித்துக்கொண்டேன். பிறகு வெள்ளை விரிப்பில் படுத்திருந்தேன். பணம் கட்டு என்று யாரும் வரவில்லை. கொஞ்சம் அழுதேன். வருத்தமா நிம்மதியா என்று பிரிக்கத் தெரியவில்லை.

சீட்டு அம்மாவிடம் தாளைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. சீட்டுக் கொடுக்கும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். உங்கள் 'ழ'வின் வால் பாதிக் கண்ணாடிக்கு நீள்கிறது.

பாப்பா

ஜூலை 1

பாப்பா,

என் எழுத்து அரசாங்கக் கண்ணாடியிலா! காரணம் சொல்லாமல் டீச்சரிடம் சொன்னேன். இனி வாலைக் குறைக்கச் சொல்ல மாட்டாராம்.

சட்டையை இப்போது நாற்காலியில் மாட்டுகிறேன். இந்தப் பதினோரு வருஷத்தில் எத்தனை பெண்கள் அருகே வந்து, சுவரைப் பார்த்து, என்னைப் பார்த்து, எதுவும் கேட்காமல் திரும்பினார்களோ. அதை எழுதப் பார்த்தேன். இரண்டு தாள் கிழிந்தது.

நேற்று ஒரு பெண் வந்து பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா. என்ன போட்டிருக்கு?" என்றாள். எழுந்து நின்று, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். 'அரசாணை'யில் இரண்டு தடவை தடுக்கியது. அவள் அவசரப்படவில்லை. 'தொடாதீர்' வரை கேட்டாள்.

பிறகு உள்ளே போனாள்.

உன் அப்பா