திறக்க வேண்டிய கதவு

அன்பின் உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ். போனில் கதைத்தால் கோபம் குரலில் தெரிந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். தங்கச்சி பஸ்மினா வாசித்துக் காட்டட்டும்.

இங்கே கட்டாரில் நாங்கள் மின்சாரப் பெட்டிகள் செய்கிறோம். எந்தத் தகட்டை எங்கே வெல்டிங் பண்ண வேண்டும் என்று கம்பியூட்டரே பெட்டியின் மாதிரியைப் பார்த்துச் சிவப்புக் கோடு போடும். போன கிழமை அது கதவின் விளிம்பைச் சுற்றியும் கோடு போட்டிருந்தது. இரண்டு தகடு தொட்டுக்கொண்டிருந்தால் போதும், கம்பியூட்டருக்கு அது ஒட்ட வேண்டிய இடம்தான்.

"காக்கா, இது திறக்கிற கதவு," என்று போர்மேன் இன்ஸாப் காக்காவிடம் சொன்னேன். அவரும் நம் பொத்துவில் ஆள்தான், எனக்கு மூத்த அண்ணன் மாதிரி.

"கம்பியூட்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா? கோடு கிடக்கிற இடமெல்லாம் ஒட்டு," என்றார்.

நாற்பது பெட்டியை ஒட்டினேன். ஒரு கதவும் திறக்கவில்லை என்று பெட்டிகள் திரும்பி வந்த பிறகு, நாற்பதையும் நானே வெட்டித் திறந்தேன். கையில் சின்னச் சூடு, பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது பிழை என்னுடையது என்று கம்பெனிக்காரர்கள் எழுதி வைத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். இன்ஸாப் காக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒன்பது வருஷம் ஒட்டுகிறவனுக்குக் கதவு எது, சுவர் எது என்று தெரியாதா? நான் கையெழுத்துப் போடமாட்டேன், உம்மா.

இங்கே வரப்போகிற முத்தலிப் மச்சானிடம் கறித்தூள் கொடுத்தனுப்ப வேண்டாம்; அதற்குள் நானே ஊருக்கு வர வேண்டி வரலாம். வேலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது. நம் வீட்டுக் கேட்டின் பிணைச்சலுக்கு மட்டும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

உங்கள் மகன்,
முர்ஷித்