தீர்த்தம்னு சொல்லிக் கொடுத்த காப்பி

போன்ல சொன்னா பாதியில "வேலை இருக்கு அத்தை"ன்னு வெச்சிடுவே, அதனாலதான் தம்பி யுகேந்திரா, உக்காந்து எழுதுறேன். என் மக மலர்விழி இதைப் படம் புடிச்சு அனுப்புவா. கடல் தாண்டி அந்தப் பெர்த் ஊர்ல நீ சுகமா இருக்க முருகனை வேண்டிக்கிறேன்.

உங்கப்பாவோட நெஞ்சு ஆபரேஷன் ரெண்டு தடவ தள்ளிப்போனதுக்கு நேரம் சரியில்லன்னு சொன்னேன்ல? நேரமில்லப்பா, நான்தான்.

ஆஸ்பத்திரியில உங்கப்பா இருக்கிற வார்டுல இப்ப எல்லாருக்கும் கஃபீன் எடுத்த காப்பிதான். அண்ணன் ஒரு வாய் குடிச்சிட்டு, "பவுனு, இது கோப்பை கழுவின தண்ணிலா"ன்னு மூஞ்சிய திருப்பிக்கிட்டாரு. எனக்கு மனசு கேக்கல. கோயில் தீர்த்தம் கொண்டுவர்ற தூக்குல கெட்டியா கருப்புக் காப்பி ஊத்தி, நம்ம ஊரு கிள்ளான்ல ரயிலேறி தினமும் கொண்டுபோனேன். நர்சு மிஸ்ஸிங்க கேட்டப்ப சாமி தீர்த்தம்னுட்டேன். நெத்தி நிறைய திருநீறு வெச்சுக்கிட்டு சொன்னேன்பா அந்தப் பொய்ய.

உங்கப்பாவுக்குத் தூக்கமே இல்ல. நெஞ்சு படபடன்னு அடிக்குது, பிரஷர் இறங்கல. அது அடங்கட்டும், அப்புறம் கத்தி வைக்கலாம்னு டாக்டர் தள்ளி வெச்சாரு. நானும் கண்ணேறுன்னு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன். போட்டுட்டு வந்து மறுபடி காப்பி ஊத்திக் கொடுத்தேன்!

போன திங்கக்கிழமை மிஸ்ஸி ஜுபைதா அந்தத் தூக்குப் பாத்திரத்த மோந்து பாத்துட்டா. நம்ம தமிழ்ப் பொண்ணுதான். "ஏன் ஆன்டி, உங்க சாமிக்குக் கருப்புக் காப்பிதான் புடிக்குமா?"ன்னு கேட்டா. வார்டே சிரிச்சிச்சு. அப்புறம் தனியா கூப்பிட்டு, இந்த நெஞ்சுக்கு அவ்ளோ காப்பி ஆகாது, தூக்கமும் கெடும், அதுக்காகத்தான் மாத்தியிருக்கோம்னா. அங்கயே அழுதுட்டேன்.

அன்னிலருந்து நானும் வார்டு காப்பிதான். ரெண்டு நாள் ரெண்டு பேருக்கும் மண்டை இடி. மூணாம் நாள் உங்கப்பா விட்ட குறட்டையில பக்கத்துக் கட்டில் சீன அங்கிள் புலம்புறாரு. படபடப்பு அடங்கி, பிரஷரும் இறங்கிடுச்சு. காப்பிய விட்டதால ரத்தக்குழாய் அடைப்பு போயிடாது, ஆனா உடம்பு இப்ப தாங்கும்னு டாக்டர் சொல்றாரு. வர்ற வியாழக்கிழமை காலையில ஆபரேஷன்.

நேரத்துக்குச் சாப்பிடு சாமி. உன்னையும் உன் வீட்டையும் அந்த முருகன் காப்பாத்தட்டும்.

உன் அத்தை,
பவுனம்மாள்

தம்பி, மடிச்சு வெச்சப்புறம்தான் ஞாபகம் வருது. ஆபரேஷன் பாரத்துல உங்கப்பா இன்னும் கையெழுத்துப் போடல. தலகாணிக்கு அடியில வெச்சிருக்காரு. மவன் வந்து ஒரு தடவ படிச்சுச் சொல்லட்டும், அப்புறம் போடுறேங்கிறாரு.