கடல்குதிரை விஷயத்தில் உண்மை பேசிய மாணவியை மீண்டும் வகுப்பில் சேர்க்கக் கோரி

அனுப்புநர்:
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை,
பேருந்துப் பணிமனைப் பின்தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மீன் காட்சியகம்.

பொருள்: கடல்குதிரையில் ஆண்தான் குட்டி சுமக்கும் என்று சொன்ன குற்றத்துக்காக என் மகளை மாணவர் வகுப்பிலிருந்து நீக்கியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் நன்றி. இங்கிருந்து கடலைப் பார்க்க ஒரு பகலும் ஓர் இரவும் பேருந்தில் உட்கார வேண்டும். அந்தக் கடலைக் கண்ணாடிக்குள் கொண்டுவந்து, சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பும் நடத்துகிறீர்கள். மீனைத் தட்டில் மட்டுமே பார்த்துப் பழகிய எங்கள் வீட்டில், இப்போது சாப்பிடும்போதுகூடச் செவுளைப் பற்றிப் பாடம் நடக்கிறது.

2. சென்ற மாதம் கடல்குதிரைத் தொட்டியின் முன் வகுப்பு. வயிறு உப்பியிருந்த ஒன்றைக் காட்டி, "இதுதான் தாய்" என்றார் தங்கள் வழிகாட்டி. என் மகள் கையைத் தூக்கி, "சார், அது அம்மா இல்ல, அப்பா. அம்மா முட்டைய அப்பாவோட பையில விட்டுடும். அப்பாதான் சுமந்து பெத்துக்கும்" என்றிருக்கிறாள். தங்கள் வாசல் கடையில் விற்கும் புத்தகத்திலேயே இது படத்துடன் இருக்கிறது. வழிகாட்டிக்குப் படிக்க நேரம் கிடைத்திருக்காது. கையில் மைக் வைத்திருப்பவர்களுக்கு வேலை அதிகம்.

3. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மேலாளர் வரவழைக்கப்பட்டார். அவர் கடல்குதிரையைப் பார்ப்பார் என்று பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். அவரோ என் மகளை மேலும் கீழும் பார்த்து, "பொம்பளப் புள்ள பேசுற பேச்சா இது?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டு, அவளது வகுப்பு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

4. மறுவாரம் குட்டிகள் பிறந்தன. "தாயும் சேய்களும் நலம்" என்று பலகை வைத்தீர்கள். பக்கத்தில் தாங்கள் புன்னகைக்கும் படம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து பார்த்தேன். இளைத்துப்போன அப்பா ஒருவர் வாலால் ஒரு செடியைப் பற்றிக்கொண்டு தனியே நின்றார். அவரிடம் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

5. அட்டை திரும்ப வேண்டுமென்றால் மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம், அதில் தாயாரின் கையெழுத்தும் வேண்டுமாம். தந்தை கையெழுத்து செல்லாது என்கிறார் மேலாளர். மகளுக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே என் மனைவி இறந்துவிட்டாள். அன்றிலிருந்து தலை பின்னிவிடுவதும், காய்ச்சலுக்குக் கண்விழிப்பதும், பள்ளிக் கூட்டத்தில் அம்மாக்கள் நடுவே உட்கார்ந்திருப்பதும் நான்தான். ஆனாலும் என்னைத் தாய் என்று எழுதி எந்த அலுவலகமும் பலகை வைக்கவில்லை. கடல்குதிரைக்கு அடித்த யோகம் எனக்கு அடிக்கவில்லை.

6. இத்தனையும் பொறுத்துக்கொள்வேன். சனிக்கிழமை காலையில் அவள் இன்னும் சீருடை போட்டுக்கொண்டு வாசலில் உட்காருகிறாள். போன வாரம், "இனிமே கையே தூக்க மாட்டேன்னு சொன்னா சேத்துப்பாங்களாப்பா?" என்று கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே, அவளது அட்டையைத் திருப்பித் தந்து, கை தூக்கும் உரிமையோடு வகுப்பில் அமர்த்துமாறும், பலகையைத் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். மன்னிப்புக் கடிதம் இணைக்கப்படவில்லை. தாயாரின் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றால், தொட்டியில் இருக்கும் அந்தத் தாயிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால், கீழே இருப்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இடம்: காட்சியக டிக்கெட் கவுன்டர் அருகில்
நாள்: சனிக்கிழமை, வகுப்பு தொடங்கிய பின்

இப்படிக்கு,
(ஒப்பம்)
பிள்ளையைப் பெற்றவன்