மேல் பங்களாவில் பெரியவர்

8 ஜனவரி 2025
ஏலத்தோட்டம், லைன் வீடு

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் உங்கள் காலை இடறவிடாமல் காக்கட்டும். என் காலைத்தான் காக்காமல் விட்டுவிட்டார்.

கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று சொல்லி, நம் வழிகாட்டி தங்கப்பாண்டி என்னை இங்கே இறக்கிவிட்ட கையோடு கம்பத்துக்குப் போய்விட்டார். அவரை என்னோடு அனுப்பிவிட்டு, "பாதை ஒண்ணுதானே, நான் போய்க்குவேன்" என்று தனியாக நடந்தீர்களே, அந்த வீம்புக்கு என்ன பேர்? நான் விழுந்ததே நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் போனதால்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறீர்கள்.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். கம்பத்திலிருந்து ஏறி, மேட்டில் நின்று திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தோமே, அப்போது கேட்காமலே என் பையை வாங்கி உங்கள் தோளில் போட்டுக்கொண்டீர்கள். அல்லிநகரத்தில் நம் இரும்புக்கடையில் ஒரு ஆணிப் பெட்டியைக்கூட என் கையிலிருந்து வாங்கியதில்லை. இப்படியே போடி வரைக்கும் நடந்தால் நமக்குள் பேச்சு வார்த்தை திரும்பிவிடும் என்று அன்றைக்கு நம்பினேன்.

இங்கே டவர் கிடையாது. ஜீப் ஓட்டும் சின்னக்கருப்பு தினமும் நீங்கள் தங்கியிருக்கும், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வரைக்கும் போய்வருகிறார், அதனால்தான் இந்தக் கடிதம். இந்த லைன் வீட்டில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளி சங்கிலியம்மாள் என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறாள். அவள் உங்களுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாள். "ஐயா மேல் பங்களா வழியாவா போறாக? அங்கன பெரியவுக வந்து நிக்கிறாக. மகா கோவக்காரவுக. ஒதுங்கி வழிவிட்டா ஒண்ணும் செய்ய மாட்டாக. பாத்துப் போகச் சொல்லுங்கம்மா" என்றாள். யார் அந்தப் பெரியவர், பேர் என்ன என்று கேட்டேன். "ஆத்தா, மலையில வச்சு அவுக பேரைச் சொல்லக்கூடாது" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு மரியாதை. தோட்ட முதலாளியின் அப்பாவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் பாதை அந்தப் பங்களா முற்றம் வழியாகத்தான் போகிறதாம். திருடனைப் போல ஓரமாக நழுவாதீர்கள். நிச்சயத்தன்று ஷூவைக் கழற்றாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தீர்கள், அப்பா ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக நீங்கள் அவர் வாசலை மறுபடி மிதிக்கவே இல்லை. போன வருஷம் அவரை அடக்கம் செய்தபோதும் தெருமுனையில் நின்றீர்கள். அது என் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை அத்தான். இந்த ஒரு பெரியவரிடமாவது நீங்களாகவே முன்னால் போய் வணக்கம் சொல்லுங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம் என்றுதான் இரண்டு சீப்பு வாழைப்பழமும் வெல்லமும் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள்,
ஜெபஷீலா

9 ஜனவரி 2025
ஏலக்காய் ஸ்டோர்

அன்பு ஷீலா,

ஸ்தோத்திரம். பழமும் வெல்லமும் கடிதமும் வந்தன. திட்டும் குறைவில்லாமல் வந்தது. காலை உயரமாக வைத்துப் படு, சும்மா எழுந்து நடக்காதே.

இங்கே நானும் குளிரும்தான். வேலையாட்கள் எல்லாம் நேற்றே கீழே இறங்கிவிட்டார்கள். பெரியவர் இந்தப் பக்கம் இருக்கிறவரை வேலை நடக்காதாம். என்ன மனிதரோ, ஒரு தோட்டத்தையே பயமுறுத்தி வைத்திருக்கிறார். நேற்றுச் சாயங்காலம் சும்மா பங்களா கேட் வரைக்கும் நடந்து பார்த்தேன். இரும்பு கேட் வளைந்து கிடக்கிறது, ஒரு கீலைக்கூடச் சரிசெய்யவில்லை. நம் கடையில் சொன்னால் ஒரு மணி நேர வேலை. உள்ளே மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விறகுக்கு ஆள் விட்டிருப்பார் போலிருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்தேன். சத்தம் நின்றது, பதில் வரவில்லை. யாரோ நின்று என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. இருட்டப் போகிறதே என்று திரும்பிவிட்டேன்.

சின்னக்கருப்பும் என்னைத் தடுத்துத்தான் பார்த்தார். "சார், பெரியவுகளைப் பாக்கவா போறீக? வேணாம் சார். போட்டோ புடிக்கப் போன ஆளுகளை எல்லாம் வெரட்டி விட்ருக்காக" என்றார். நான் போட்டோ பிடிக்கப் போகவில்லை, மரியாதைக்குப் பார்க்கப் போகிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, இந்தக் கடிதத்துக்காக வண்டியில் போய்க் காத்திருக்கிறார்.

ஷீலா, எனக்கு எழுத வராது. தெருமுனையில் நின்ற அன்றைக்கு, உன் அப்பாவின் பெட்டி என்னைத் தாண்டிப் போனபோது அழுதேன். யாரும் பார்க்கவில்லை. உள்ளே வரக் கால் வரவில்லை. வெட்கம்தான், வேறென்ன. உன்னிடம் அதைச் சொல்லத்தான் இந்த மலைக்கே கூட்டிவந்தேன். சொல்ல வாய் வராமல் முன்னால் முன்னால் நடந்தேன். நீ விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

நாளைக்குப் பனி விலகியதும் போகிறேன். அவர் எவ்வளவு கோபக்காரராக இருந்தாலும் சரி, நானாகவே போய் முன்னால் நிற்பேன். பழத்தை என் கையாலேயே கொடுப்பேன். ஷூவையும் கேட்டிலேயே கழற்றிவிடுகிறேன், போதுமா?

எபனேசர்

10 ஜனவரி 2025, காலை

அத்தான்,

போகாதீர்கள். இதைப் படிக்கும்போது எங்கே இருந்தாலும் அங்கேயே நில்லுங்கள்.

உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டே தூங்கினேன். விடிந்ததும் சங்கிலியம்மாளிடம் பெருமையடித்தேன். எங்கள் வீட்டுக்காரர் இன்றைக்குப் பெரியவரைப் பார்த்துப் பேசப் போகிறார், பழமெல்லாம் கொண்டுபோகிறார் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, வாயைத் திறந்து சொல்லவே மாட்டேன் என்ற அந்தப் பேரைச் சொல்லிவிட்டாள். "ஆத்தா, ஆனைகிட்டயா?"

அது ஆள் இல்லை அத்தான். யானை. கூட்டத்தை விட்டு வந்த ஒற்றைக் கொம்பன். பேரைச் சொன்னால் வந்து நிற்கும் என்று இங்கே எல்லாரும் பெரியவர் என்றுதான் சொல்வார்களாம். நாம் இரும்புக்கடை வைத்திருப்பவர்கள், நமக்கு எங்கே தெரியும்? அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டதும் கிளை முறிக்கிற சத்தம் நின்றதே, அதுதான் நின்று உங்களைப் பார்த்திருக்கிறது.

பழத்தைத் தூக்கி எறிந்துவிடுங்கள். வெல்லத்தையும். வாசனைக்கு வருமாம். ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். வணக்கம் வேண்டாம், மரியாதை வேண்டாம், அப்பாவே வந்து சொன்னாலும் போகாதீர்கள். சின்னக்கருப்பு வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறார். இன்றைக்குப் பனி இன்னும் விலகவில்லை, அதுதான் என் ஒரே தைரியம்.

ஷீலா

12 ஜனவரி 2025
லைன் வீடு

அன்புள்ள அத்தானுக்கு,

நான் கடைசியாக எழுதிய கடிதம் பிரிக்காமலே என்னிடம் வந்துவிட்டது. கீழே எங்களுக்குப் பனி. மேலே ஸ்டோர் பக்கம் விடியும்போதே வெயில் வந்துவிட்டதாம்.

சின்னக்கருப்பு என் முன்னால் உட்கார்ந்து அழுகிறார். "ஆனையைக் கும்புடப் போற கிறுக்குன்னு நெனச்சேம்மா, ஆளுன்னு நெனச்சுப் போறாகன்னு தெரியலையே" என்கிறார். அவர்மேல் என்ன தப்பு? தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார். சங்கிலியம்மாளும் தெளிவாகத்தான் சொன்னாள். போகச் சொன்னது நான். பழம் கொடுத்தனுப்பியதும் நான்.

முற்றத்தில் பழத்தோல்கூட இல்லையாம். வெல்லம் சுற்றியிருந்த தாள் மட்டும் கிடந்ததாம். வனத்துறை ஆட்கள் சரிவுக்குள் இறங்கித் தேடுகிறார்கள். யானை கிழக்கே போய்விட்டது என்கிறார்கள். உங்களைப் பற்றிக் கேட்டால் என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார்கள். தங்கப்பாண்டி வந்து, கம்பத்துக்குப் போய்விடலாம், ஆஸ்பத்திரியில் காலைக் காட்டலாம் என்கிறார். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த வளைந்த கேட்டுக்கு வெளியே, ஜோடியாக, சாக்ஸை மடித்து உள்ளே வைத்து விட்டிருந்தீர்களாம். என் அப்பா வாசலில் கழற்றாததை அங்கே கழற்றியிருக்கிறீர்கள். நான் கேட்டதை எல்லாம் செய்துவிட்டீர்கள் அத்தான். உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஷூ என் மடியில்தான் இருக்கிறது. இந்தக் கல்லிலும் முள்ளிலும் வெறுங்காலோடு எவ்வளவு தூரம் போயிருப்பீர்கள்? எங்கே இருந்தாலும் அங்கேயே உட்காருங்கள், நான் கொண்டுவருகிறேன். நாளைக் காலை ஜீப்பில் இந்தக் கடிதம் ஸ்டோருக்கு வரும். ஒரு வரி பதில் எழுதுங்கள்.

உங்கள்,
ஷீலா