ஊராத்துறையை நாங்கள் எரித்த ஞாயிறு

என் அருமை றெஜி மச்சாளுக்கு,

உமக்கு எழுதினால் போய்ச் சேரும் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. அது உமக்கே தெரியும். வன்னியில் காய்ச்சலுக்கு மருந்து கிடைக்காமல் நீர் போன பிறகு உம்முடைய அண்ணர் ஒவ்வொரு ஞாயிறும் உமக்காக மெழுகுதிரி ஏற்றுகிறார். நான் பக்கத்தில் நிற்கிறேன், அவ்வளவுதான். ஆனால் போன ஞாயிறு நடந்ததைச் சொல்ல இந்த இத்தாலிப் பலர்மோவில் எனக்கு வேறு ஆள் இல்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில், எண்ணூறு வருடத்துக்கு முந்திய மதுரைச் சண்டையைப் பற்றி நாங்கள் பிடித்த வாதம் நினைவிருக்கிறதா? அப்போது நீர் எனக்கு மச்சாளும் இல்லை. உம்முடைய அண்ணரை நான் கட்டியதும் இல்லை, கண்டதும் இல்லை. இரண்டு பாண்டியர் அரசுக்கு அடிபட்டார்கள். மதுரைக்குள் முற்றுகையில் கிடந்தவன் இலங்கை அரசனிடம் உதவி கேட்டான். படை வந்து சேருமுன் அவனையும் மனைவி பிள்ளைகளையும் கொன்றுவிட்டார்கள். வந்த படை திரும்பிப் போகவில்லை; செத்தவனின் தப்பிய ஒரு மகனுக்காக என்று சொல்லி ஊர் ஊராகப் பிடித்தது. மற்றப் பாண்டியன் சோழனிடம் ஓடினான். சோழர் வென்றார்கள். இலங்கைத் தளபதியின் தலையை மதுரைக் கோட்டை வாசலில் ஆணியடித்து வைத்தார்கள்.

ஏன் வென்றார்கள்? சோழனுக்கு மதுரை கிட்ட, இலங்கைப் படைக்கு ஒவ்வொரு ஆளும் கடல் தாண்டி வர வேண்டும், அதனால்தான் என்றேன் நான். நீர் சிரித்தீர்.

"தலையை ஆணியடிச்சதோடை முடிஞ்சுதெண்டு ஆர் உமக்குச் சொன்னது, புனிதம்? அதுக்குப் பிறகும் இலங்கை அரசன் ஊராத்துறையிலை, மாதோட்டத்திலை, வலிகாமத்திலை கப்பல் கட்டி ஆள் சேர்த்தவன். சோழன் படையனுப்பி அந்த ஊருகளை எரிச்சான். அதோடைதான் வெற்றி. யானை பிடிச்சதைக் கல்லிலை வெட்டியிருக்கிறாங்கள். எரிஞ்ச வீட்டுக்கை ஆர் இருந்ததெண்டு ஒரு சொல் இருக்கே?"

கல்வெட்டில் ஊராத்துறை என்று இருப்பது யாழ்ப்பாணத் தீவிலுள்ள உம்முடைய ஊர்காவற்றுறை. அதனால்தான் உமக்குக் கோபம், இது வரலாறு இல்லை, ஊர்ப்பற்று என்று அப்போது நினைத்தேன். பல வருடம் கழித்துத் தீவுக்குள் சண்டை வந்து, உம்முடைய வீடு எரிந்து, உம்முடைய ஏழு வயது மகள் நிலானியின் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றீர். அன்றைக்கு நாங்கள் கல்வெட்டைப் பற்றிக் கதைக்கவில்லை.

எங்களோடு இங்கே வந்த நிலானி இப்போது என்னைவிட உயரம். பள்ளிக்கூடத்தில் இத்தாலியன் நல்லாகக் கதைக்கிறாள். கோபம் வந்தால் சிசிலியன். உம்முடைய அண்ணர் சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் தோடம்பழம் பிடுங்குகிறார். நான் ஒரு கிழட்டுச் சின்னோரா அம்மாவைக் குளிக்கவார்த்து, அவவின் வீட்டைத் துடைக்கிறேன். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை.

பங்குக் கோயில் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதித் தரச் சொல்லி, அங்கே படிப்பிக்கிற என்னிடம் அருளப்பு அண்ணை கேட்டார். உம்முடைய ஊருக்குப் பக்கத்துக் கரம்பன் ஆள். விழாவை நடத்துகிறவர் அவர்தான். மதுரையில் சோழன் வென்ற கதை வேணுமாம். ஒரே ஒரு காட்சிக்காக நான் ஒப்புக்கொண்டேன். சோழ வீரர்கள் ஊராத்துறைக்குள் தீப்பந்தத்தோடு வருகிறார்கள். ஒரு பெண் மறித்து நின்று, "கப்பல் துறையில் நிற்கிறது. இது என் வீடு" என்கிறாள். அந்தப் பெண் நிலானி. உம்முடைய காரணத்தை ஒரு தடவையாவது நாலு பேர் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் சனத்துக்கு ஞாயிறை விட்டால் வியாழன் பின்னேரம்தான் வேலை லீவு, ஒத்திகையும் அப்போதுதான். கடைசி வியாழன் அருளப்பு அண்ணை அந்தக் காட்சியில் கை வைத்தார்.

"ரீச்சர், மனுசி மறிக்கிற கட்டத்தை எடுப்பம். ஆறு மணிக்கு மண்டபத்தைப் பாதர் ஒரு ஞானஸ்நானத்துக்குக் குடுத்திட்டார்."

"தலை ஆணியடிக்கிற கட்டத்தைக் குறையுங்கோவன்."

"ஐயோ, பொடியள் அந்தத் தலையை ரெண்டு கிழமையா ஒட்டுறாங்கள். அதை எடுத்தால் என்ரை தலையைத்தான் அடிப்பாங்கள்."

"அண்ணை, எரியிறது உங்கடை ஊர்."

"ஓம், எங்கடை ஊரின்ரை பேர் கல்வெட்டிலை இருக்கு. அதைச் சத்தமாச் சொல்லுவம். ஆனால் எரியிறது இலங்கை அரசன்ரை கப்பல் ரீச்சர்."

"கப்பலை ஊருக்குள்ளை வைச்சுத்தானே கட்டினவை?"

அவர் மெதுவாகச் சொன்னார்: "கிழமை முழுக்க அடுத்தவன்ரை வீட்டைத் துடைச்சுப்போட்டு, ஒரு நாள் சனம் கைதட்ட வருது. அழ இல்லை. அழுறதுக்கு வீட்டிலை இடம் இருக்கு."

பிள்ளை மேடை இல்லாமல் ஏமாறக்கூடாது என்று நிலானிக்குச் சோழ வீரன் வேடம் கொடுத்தார். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டோர்ச் லைட்தான் தீப்பந்தம். வேண்டாமென்றால் விடு என்றேன். எல்லாரும் நிற்கிறார்கள், தானும் நிற்கிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறையச் சனம். பாதிப் பேர் தீவார். "ஊராத்துறை" என்று மேடையில் சொன்னதும் கைதட்டல். என் ஊர், என் ஊர் என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அடுத்த நிமிடம் சோழர் படை உள்ளே வந்து அட்டைக் கப்பலையும் அட்டை வீடுகளையும் எரித்தது. இன்னும் பெரிய கைதட்டல். வீடு எரிந்து ஓடி வந்தவர்கள், மச்சாள். முன்வரிசையில் உம்முடைய அண்ணரும் தட்டினார். நான் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார். நிலானி சனத்தைப் பார்த்து ஒருக்கால் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தீப்பந்தம் பிடித்தவன் பக்கத்தில் நிற்கத்தான் எங்களுக்கு ஆசையா? எத்தனை தடவை எரிந்தால் இது போகும்? போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உம்முடைய அண்ணர் மண்டபம் துடைக்க நின்றுவிட்டார். நானும் நிலானியும் கபோச் சந்தை வழியாக நடந்தோம். கடைத் தட்டிகள் மூடிக் கிடந்தன. டோர்ச் இன்னும் அவள் கையில்.

"மாமி, அண்டைக்கு எங்கடை வீட்டுக்கை நாங்கள் இருந்தனாங்கள். நான் எரிச்ச வீட்டுக்கை ஆர் இருந்தவை?"

"தெரியாது பிள்ளை. கல்வெட்டிலை இல்லை."

"நாடகம் நீங்கள்தானே எழுதினீங்கள். அதிலையும் அவவுக்குப் பேர் இல்லை."

உண்மைதான். 'ஊராத்துறைப் பெண்' என்றுதான் எழுதியிருந்தேன். நிலானி சிவப்புத் தாளை உரித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

மச்சாள், நான் பெரிய வாக்குக் கொடுக்கிறவள் இல்லை. சோழர் ஏன் வென்றார்கள் என்று இனி யார் கேட்டாலும் ஊர்களை எரித்ததால் என்ற உம்முடைய காரணத்தைத்தான் முதலில் சொல்வேன். வாசலில் மறித்து நின்ற அந்தப் பெண்ணுக்கு உம்முடைய பெயரை வைப்பேன். நிலானி அதைக் கேட்டபடி வளரட்டும். அதனால் ஒரு வீடும் திரும்ப எழும்பாது என்று தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

உம்முடைய பிள்ளையை வைத்திருக்கும்
உம்முடைய மச்சாள்,
புனிதம்