கொடுக்காத பூதக்கண்ணாடி

யுத்தம் வந்ததிலிருந்து காகிதம் கிடைப்பதில்லை என்று பத்திரிகைக்காரர்கள் எழுத்தைப் பொடிப்பொடியாக அச்சடிக்கிறார்கள். இன்று காலை அதைப் படிக்க அப்பாவின் பூதக்கண்ணாடியை எடுத்தேன். பித்தளை வளையம் பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். அந்தப் புளி வாசனை மூக்கில் ஏறியதும் பத்திரிகை படிக்கிற ஆசையே போய்விட்டது. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

"உங்கள்" என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாம் ஒரே வயதுக்காரர்கள். எங்கள் கழனியில் நீங்கள் ஏர் ஓட்டினீர்கள், நான் வரப்பில் குடை பிடித்து நின்றேன். நீங்கள் என்னைச் "சின்னாண்டே" என்பீர்கள், நான் உங்களை "வாடா, போடா" என்பேன். உயிரோடு இருந்தவரை தராத மரியாதையைக் காகிதத்தில் தருகிறேன். என் தாராளம் அவ்வளவுதான்.

திருநின்றவூர் ஏரிக்கரைப் பக்கம் வேலி கட்டிய அன்று என் குதிகாலில் கருவேல முள் ஏறி உள்ளேயே முறிந்துபோனது. பஞ்சாங்கம் படிக்க அப்பா பட்டணத்திலிருந்து வாங்கி வந்த இந்தக் கண்ணாடியை அப்போது நான்தான் பெருமைக்குச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

"குந்து ஆண்டே, காலக் காட்டு" என்று என் காலைத் தூக்கி உங்கள் தொடைமேல் வைத்துக்கொண்டீர்கள். ஒரு கையில் கண்ணாடி, இன்னொரு கையில் ஊசி. "இதுல பாத்தா முள்ளா கீது? ஒலக்க மாரி கீது. கத்தாத ஆண்டே, மாடு மெரண்டுகினு ஓடிடப் போவுது." நான் கத்தி முடிப்பதற்குள் முள் வெளியே வந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் இதை நானே பெரிதாகச் சொன்னேன். நீங்கள் தொட்ட கண்ணாடி ஆயிற்றே! கொல்லையில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் உள்ளே எடுத்தார்கள். என் காலையும் கழுவச் சொன்னார்கள். கழுவினேன். கூழுக்காகக் கொல்லை வேலியோரம் வந்து நின்ற நீங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இன்னா ஆண்டே, முள்ளு கண்ணாடியிலயா குத்திச்சு?" என்று கேட்டீர்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். நான் ஈரக் காலோடு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த அறுப்புக்கு முன்னால் உங்கள் குதிகாலில் முள் ஏறியது. நொண்டிக்கொண்டே அதே வேலியோரம் வந்தீர்கள். "ஆழமா போய்க்கீது. அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் குடு ஆண்டே, பாத்துட்டுத் தந்துட்றேன்."

கொடுத்தால் மறுபடியும் புளி, மஞ்சள், அப்பாவின் வசவு. "எங்க வெச்சேன்னு தெர்லடா" என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. மெல்லிய மல் துணிச் சட்டை. வளையம் அப்படியே தெரிந்தது. நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

"பரவால்ல ஆண்டே. எம் பொண்டாட்டிக்கு பூதக்கண்ணாடியே வேணாம். எந் தலையில ஒத்த நரை எங்க கீதுன்னு வாசல்ல நின்னுகினே சொல்லிடுவா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த நேரத்திலும் என் மானத்தை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

உங்கள் மனைவியால் முள்ளை எடுக்க முடியவில்லை. சீழ் வைத்து, புரையோடி, ஆறுவதற்குள் இரண்டு போகம் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தக் குதிகாலை நீங்கள் முழுதாக ஊன்றியதே இல்லை. உழுத மண்ணில் ஒரு கால் முழுத் தடமாக விழும், இன்னொன்று வெறும் விரல்களாக விழும்.

உங்கள் வேலையில் குற்றம் தேட மட்டும் எனக்குப் பூதக்கண்ணாடி எப்போதும் கைவசம் இருந்தது. வரப்பு ஒழுகுகிறது என்பேன், மாடு இளைத்திருக்கிறது என்பேன். ஒருநாள், ஏர் கீறிய கோட்டைக் காட்டி, "சால் ஏண்டா கோணுது?" என்று கேட்டேன். கேட்கும்போதே காரணம் எனக்குத் தெரியும். "அட்த்த சாலு நேரா ஓட்றேன் ஆண்டே" என்றீர்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் குடையை மடக்கிவிட்டு ஏரைப் பிடிக்க நான் இறங்கவில்லை.

போன மழையில் உங்கள் பாடையைத் தூக்கியபோது உங்கள் தெரு முனை வரை வந்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை. பாருங்கள், இப்போதும் காலின் மேல்தான் பழி போடுகிறேன்.

இன்று கண்ணாடி பளிச்சென்று ஆனதும் வெயிலில் உட்கார்ந்து என் குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன். முள் ஏறிய இடத்தில் ஒரு புள்ளியாவது இருக்கும் என்று நினைத்தேன். தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறீர்கள். அந்தக் காலை ஊன்றித்தான் இன்னும் நேராக நடந்துகொண்டிருக்கிறேன்.